ஏட்டுச் சுரைக்காயும் லயத்து ரொட்டியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முன்னோர் மொழி. இன்றைய வாசகர் சிலர் அதனைப் பொய்யாக்க முனைந்திருக்கின்றனர். நாவலொன்றைப் படித்து முடித்ததும், அதில் வரும் மாந்தர் உண்ட உணவைத் தம் வீட்டு அடுப்பில் சமைத்து, நண்பரோடு கூடி உண்டு மகிழும் வழக்கம் பல நாடுகளிலும் காணப்படுகிறது. மெக்ஸிகோ நாட்டு எழுத்தாளர் லாரா எஸ்கிவெல் 1989இல் வெளியிட்ட நாவலொன்றில் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ஒரு சமையற் குறிப்பே நிற்கிறது. படித்ததை நாவாலும் அறிய விரும்புவதில் குற்றம் காண நாம் வரவில்லை. கண்ணால் வாசித்தவன் கையாலும் ஒருமுறை வாசிக்கிறான், அவ்வளவே.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. விருந்துண்டவரைப் பற்றிய நாவலுக்குப் பொருந்தும் இவ்வழக்கம், பசித்திருந்தவரைப் பற்றிய நாவலுக்கும் பொருந்துமா? சார்ல்ஸ் டிக்கன்ஸின் மனைவி காதரின் 1851இல், புனைபெயரில், இல்லத்து விருந்துகளுக்கான உணவுப் பட்டியல் நூல் ஒன்றை வெளியிட்டார். அந்த விருந்துகளை இன்றும் சமைத்துவிடலாம். ஆனால் அவர் கணவரின் நாவலில் அநாதைச் சிறுவன் ஆலிவர் ஏந்திய கிண்ணத்துக் கஞ்சியை யார் சமைப்பது? நீரும் தானியமும் எவர் வீட்டிலும் உண்டு. இரண்டாம் கிண்ணம் மறுக்கப்பட்டதே அந்தக் கஞ்சியின் சாரம். அதை எந்தக் கடையில் வாங்குவது?

இக்கேள்வியை ஊவா மாகாணத் தோட்டங்களுக்குக் கொண்டு வருவோம். ஹாலிஎலைக்கு அருகே ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தாம் ஆசிரியராகப் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் சூட்டிக்கொண்டவர். அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் நூலாயிற்று. மலையக வாழ்வைக் கூறும் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இலும், தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ 1979இலும் வெளிவந்தன. இத்தகைய நாவல்களை வாசித்த ஒருவர், அந்த மக்களின் உணவைச் சமைக்க விரும்பினால் எதைச் சமைப்பார்?

பெரும்பாலும் ரொட்டியைத்தான். கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர். பிசைந்து, உருட்டி, உள்ளங்கையால் தட்டி, காய்ந்த இரும்புத் தட்டிலிட்டுச் சுட்டெடுப்பது. தொட்டுக்கொள்ளக் காய்ந்த மிளகாயும் தேங்காயும் இடித்த சம்பல். பாலில்லாத சாயத் தண்ணீர். உள்ளங்கையில் சிறிது சீனி வைத்து, அதை நக்கியபடியே மிடறு மிடறாய்க் குடிப்பது. குறிப்பு இவ்வளவுதான். அரை மணி நேரத்தில் எவரும் செய்துவிடலாம். சுவையும் நன்றாகவே இருக்கும்.

ஆனால் ஏன் ரொட்டி என்று கேட்டால் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவேண்டியிருக்கிறது. விடியுமுன் எழுந்து, தண்ணீர் சுமந்து, பிள்ளைகளைக் கவனித்து, பிரட்டுக்கு நேரத்தோடு போய் நிற்க வேண்டிய பெண்ணுக்குச் சோறு வடித்துக் கறி வைக்க நேரம் ஏது? ரொட்டி விரைவில் வேகும். மலைக்கு எடுத்துச் சென்றால் கெடாது. வயிற்றில் நெடுநேரம் நிற்கும். அதைச் சுடும் கோதுமையோ இலங்கையில் விளைவதன்று. அவள் பறிக்கும் கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறிப் போகிறது. அவள் உண்ணும் மாவுக்கான கோதுமை கப்பலேறி வருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றால் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வாய்க்கிறது என்று உலகச் சந்தை போற்றுகிறது. லயத்துக் கேத்தலில் கொதிப்பது தேயிலைத் தூள்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவு தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பசிச் சாவுகள் நிகழ்ந்தன. கிராமத்தவர் பலருக்கு மரவள்ளி ஊன்ற ஒரு துண்டு நிலமாவது இருந்தது. பச்சை மலைகளின் நடுவே வாழ்ந்தவர்க்கு அதுவும் இல்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. நாட்சம்பளம் 1,000 ரூபாயை எட்டியதே அதற்கு முந்தைய ஆண்டில்தான். அதுவும் பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின். இந்தக் கணக்குகள் எவையும் சமையற் குறிப்பில் இடம்பெறுவதில்லை. குறிப்பு பொருள்களைச் சொல்கிறது. ஒரு ரொட்டியை எத்தனை பேர் பிட்டுக்கொண்டனர், கடைசியில் உண்டவர் யார் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லுவது நாவலின் வேலை.

நம் பழைய இலக்கியம் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் இரண்டு அடுப்புகள் எரிகின்றன. ஒன்று நல்லியக்கோடனின் அரண்மனை அடுப்பு. பீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி பிறழாமல் அங்கே பலவகை உணவுகள் ஆக்கப்படுகின்றன. நூலைப் பார்த்துச் சமைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று! மற்றொன்று பாணனின் குடிசை அடுப்பு. குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவரோ என்று நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். முதல் அடுப்புக்குச் சமையல் நூல் உண்டு. இரண்டாவதன் செய்முறையில் முதன்மையானது, அடைத்த கதவு.

இவ்விடத்தில் ஒரு சாரார் குறுக்கிடுவர்: “அப்படியானால் ஏழையின் உணவைச் சமைக்கவே கூடாது, அது அவர் துயரை விளையாட்டாக்குவதாகும்.” இக்கூற்றில் இரக்கம் இருக்கிறது, ஆனால் அதன் அடியில் ஓர் இகழ்ச்சியும் ஒளிந்திருக்கிறது. ரொட்டி இழிந்த உணவன்று. இல்லாமையின் நடுவே சுவையைக் கண்டுபிடித்த கைகளின் திறமை அதில் இருக்கிறது. பட்டணத்துப் பள்ளியில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூசும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கூச்சத்தைக் கற்றுக் கொடுத்தது சமூகம். நாமும் அதைத் தொடமாட்டோம் என்று விலகி நின்றால், பாணனின் கதவை வெளியிலிருந்து இன்னொரு முறை அடைத்தவர்களாவோம்.

மறுசாரார் கூறுவர்: “சுவை சுவைதான், அதற்குள் கூலிக் கணக்கு எதற்கு?” இன்று பழைய துரை பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாகிவிட்டன. அத்தகைய மேசையில் லயத்து ரொட்டியை அழகிய தட்டில் வைத்துப் பரிமாறினால் அது சுவைக்கத்தான் செய்யும். ஆயினும் சன்னலுக்கு வெளியே கொழுந்து பறிப்பவளின் பகலுணவும் அதுவே என்பதை அறியாமல் உண்பவர் ரொட்டியைத் தின்றாரேயன்றி, நாவலைப் படிக்கவில்லை.

அடைத்த கதவைத் திறக்கும் உரிமை உள்ளிருப்பவர்க்கே உரியது. தோட்டத்தில் பிறந்த ஒருவர் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது, அவரே எழுந்து வந்து கதவைத் திறக்கிறார். அவ்வழியே நுழையும் வாசகர் அந்த வீட்டின் விருந்தினர். விருந்தோம்புவாரின் அறத்தை வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் கூறினார். விருந்தினரின் அறத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. உண்ணுமுன் வீட்டாரின் நலம் கேட்பதும், அவர்கள் உண்டனரா என அறிவதும், உண்டபின் அந்த வீட்டை மறவாதிருப்பதும் அதன் முதற் பாடங்கள்.

ஆகவே சமைப்போம். மாவைப் பிசையும்போது அதன் விலையையும், அதை வாங்கும் கைக்குக் கிடைக்கும் நாட்சம்பளத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஊவாவிலோ வேறெங்கோ இத்தகைய விருந்து நடக்குமாயின், அந்த ரொட்டியைச் சுட்டு வளர்ந்தவர்களே அங்கு தலைமை தாங்கட்டும். அதன் கதையை அவர்கள் சொல்ல நாம் கேட்போம். அவர்கள் சம்பளமும் நிலமும் கேட்டுத் தெருவில் நிற்கும் நாளில், அன்று நம்மோடு உண்டவர்கள் இவர்கள் என்று நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அந்த அடையாளம் நம் கண்ணுக்குத் தெரியுமானால், ஏட்டிலிருந்த ரொட்டி நமக்கு உதவிற்று எனலாம்.