பெட்டி விற்றவரின் பொறுப்பு

ஒருவர் நமக்கு இரும்புப் பெட்டி ஒன்றை விற்கிறார். அதில் குடும்பப் பத்திரங்களை வைக்கிறோம். பத்தாண்டுகள் சென்றபின், அதன் பூட்டு எவர் கைபட்டாலும் திறக்கக்கூடியது எனத் தெரியவருகிறது, உள்ளிருந்தவையோ போய்விட்டன. விற்றவர் பெட்டிக்கு மட்டும் பொறுப்பாளியா, பத்திரங்களுக்குமா?

இவ்வினா வெறுங்கற்பனையன்று. அமெரிக்காவின் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2010-இல் 'மை புக் லைவ்' என்னும் சேமிப்புப் பெட்டியை வெளியிட்டது. வீட்டுக் கணினிகள் அனைத்தும் அதில் படங்களையும் ஆவணங்களையும் சேமிக்கலாம். வெளியூரிலிருந்தும் இணையவழி எடுக்கலாம். 2021 ஜூன் திங்களில், அதனை வைத்திருந்தோர் பலர் தம் பெட்டி வெறுமையாய்க் கிடக்கக் கண்டனர். எங்கிருந்தோ வந்த கட்டளையொன்று, வாங்கிய நாளின் நிலைக்கே அதனைத் திருப்பிவிட்டிருந்தது. அத்தகைய கட்டளை வந்தால் கடவுச்சொல் கேட்கவேண்டிய வரிகள் மென்பொருளில் இருக்கத்தான் செய்தன. 2011-இல் செய்த திருத்தமொன்றில் அவை செயலற்றுப் போயிருந்தன. 2015-க்குப் பின் அப்பெட்டிக்குத் திருத்தம் எதுவும் வழங்கப்படவில்லை. 2018-இல் ஆய்வாளர்கள் கண்ட வேறொரு பலவீனத்துக்கும், ஆதரவுக் காலம் முடிந்தது என்பதே நிறுவனத்தின் விடை.

அமானிதப் பொருள், காப்பவரின் கவனக்குறைவின்றி அழிந்தால் அவர்மீது ஈடு இல்லை. கவனக்குறைவு இருப்பின் உண்டு என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. ஆனால் நிறுவனம் எவர் பொருளையும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை; பெட்டியைத்தான் விற்றது. எனவே இது வியாபாரத்தின் பாற்படும். குறையுள்ள சரக்கைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெறலாம். வழக்கு அத்துடன் முடியலாம், மனம் ஒப்பவில்லை. காப்பதற்கென்றே ஒன்றைச் செய்து விற்பவர், அதனுள் எத்தகையவை வைக்கப்படும் என்பதை அறியாதவரல்லர். ஓட்டை தெரிந்தபின் "காலம் முடிந்தது" என்று வாளாவிருப்பது தகாது என்பதே நம் கருத்து. நிறுவனமும் இறுதியில் இதனை ஓரளவு ஏற்றது எனலாம். பழைய பெட்டிக்கு மாற்றுத் திட்டத்தோடு, இழந்தவற்றை மீட்டுத்தரும் உதவியையும் அறிவித்தது.

ஒற்றைப் பெட்டியை நம்பியவருக்கும் இதில் பங்குண்டு. சிறு கடனுக்கே எழுத்தும் இரு சாட்சிகளும் வேண்டும் என்று ஓதியறிந்த நாமே, மறுபடி ஒன்றை வேறிடத்தில் வைப்பதில் எத்துணை அசட்டையாக இருக்கிறோம்! ஆயினும் வாங்கியவரின் அசட்டை, விற்றவரின் கணக்கைக் குறைத்துவிடாது.

மீட்பு என்பதும் முழு மீட்பன்று. அழிப்புக் கட்டளை பெரும்பாலும் அட்டவணையையே நீக்குகிறது. காந்த வட்டில் பதிந்தவை, அவற்றின்மேல் புதிதாக எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். ஆகவே பெட்டியை உடனே நிறுத்தவேண்டும். வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து, அப்படியில்தான் தேடவேண்டும். மீட்புக் கருவி ஒவ்வொரு படத்தின் தொடக்க அடையாளத்தைக் கண்டு பொறுக்கித் தரும். பெயரும் அடுக்கும் பெரும்பாலும் திரும்பா. படங்கள் வெறும் எண்களாக வந்து குவியும். இது எவருடைய திருமணம், மடியிலிருக்கும் குழந்தை யார் என்று, வீட்டின் மூத்தவர்களை அருகில் அமர்த்திக் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகப் பெயரிடவேண்டியிருக்கும்.