மின்னூற் குவையும் ஓதலும்

நூல்களைத் தேடித் தொகுத்தல் நற்செயலென்பது யாவர்க்கும் உடன்பாடே. ஆயின், ஓதி முடித்தற்கு இயலாதனவென்று தெரிந்தும் மேன்மேலும் தொகுத்தற்கண் எழும் வேட்கை நூலன்பின் பாற்படுமோ, உடைமைப் பற்றின் பாற்படுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. பிறரைக் குறை கூறற்கு இவ்வினா எழுப்பப்பட்டதன்று. எம் பெயரன் தந்த கைக்கருவியில் மூன்றாண்டிற்குள் யாம் இறக்கி வைத்த மின்னூல்கள் 1,400. அவற்றுள் முதலிலிருந்து இறுதிகாறும் ஓதியன 11. இளமையில் எம் ஆசிரியரிடத்துச் சிவஞானபோதம் பாடங் கேட்டஞான்று, 40 அடியாலாகிய அப்பன்னிரு சூத்திரத்திற்கே ஈராண்டு சென்றது.

அஃதேல், ஏடு தேடிய பெரியோரும் தாம் ஓதற்கியலாத பல சுவடிகளைத் தொகுத்தனரன்றோ எனின், அஃது இதனோடு ஒவ்வாது. பனையோலை செல்லுக்கு இரையாவது. பெயர்த்தெழுதாவிடின் நூலே இறந்துபடும். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஊர்தோறும் திரிந்து சுவடி தேடியது பொருளீட்டமன்று, உயிர்காத்தலேயாம். அன்றியும், ஏடு பெயர்த்தெழுதுவோன் ஒவ்வோரெழுத்தையும் கண்ணாற் கண்டு கையாற் கீறுதலின், பெறுதலும் ஓதலும் அவனுக்கு ஒரே தொழிலாய் முடிந்தன. இக்காலத்தோ விரல் ஒருமுறை தொடுதலானே நூல் வந்து சேர்கின்றது. பெறுதற்கு முயற்சி வேண்டாமையின், பெற்றதன்கண் கருத்தும் செல்வதில்லை. 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் போல்வன நூல்களை எல்லார்க்கும் விலையின்றி வழங்கி நிற்ப, அவற்றின் படியொன்றை எம் கருவியில் வைத்தலான் எந்நூல் அழிவினின்றும் பிழைத்தது?

பிழைத்தலும் உண்டு என்பாரும் உளர். 2009-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனத்தார், உரிமையில்லாதார் வழி வந்தனவென்னும் காரணம் பற்றித் தாம் விற்ற ஜார்ஜ் ஆர்வெலின் நூல்கள் இரண்டனை, வாங்கினாருடைய கிண்டில் கருவிகளினின்றும் அவரைக் கேளாமலே நீக்கி விலையைத் திருப்பியளித்தனர். ஆதலின் கைப்படி ஒன்று வைத்துக்கோடல் வேண்டும் என்பர். தக்கதே, யாம் மறுத்திலோம். ஆயின் எம் 1,400-உம் அவ்வச்சத்தாற் சேர்ந்தனவல்ல என்பதை எம் நெஞ்சறியும்.

பின்னை எதனாற் சேர்ந்தன? ஒரு நூலை இறக்கியவுடனே அதனைக் கற்றுவிட்டாற் போன்றதொரு நிறைவு தோன்றுகின்றது. இதுவே நுணுகி நோக்கற்பாலது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றென்பது நம் சித்தாந்தத் துணிபு. நூற்பொருளைச் சார்ந்த அறிவு அப்பொருளின் வண்ணமாம். நூற்பெயர்ப் பட்டியைச் சார்ந்த அறிவு பட்டியின் வண்ணமே ஆம். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கனுள் பெற்று வைத்தல் என்பதொன்று இல்லை. சென்ற திங்கள் மாணாக்கரொருவர் வந்து பாசஞானத்திற்கும் பசுஞானத்திற்கும் உள்ள வேற்றுமையை வினவியபோது, "அதுபற்றிய உரைகள் ஐந்து எம்பால் உள" என்றோம். அவர் வாளா இருந்து, பின் வணங்கிச் சென்றனர். யாம் கூறியது விடையன்றென்பது அவர் படியிறங்கிய பின்னரே எமக்குப் புலப்பட்டது.

இளையோர் பின்னர் ஓதுவோமெனச் சேர்த்தலை ஒருவாறு பொறுக்கலாம். அகவை 67 ஆன எமக்குக் கணக்கு எளிது: திங்களுக்கு ஒரு நூலாக ஓதினும் 116 ஆண்டின் மேலும் வேண்டும்.

அனைத்தையும் நீக்கிவிடலாமோ எனின், அதற்கும் மனம் ஒருப்பட்டிலது. அம்மாணாக்கரை வரும் வெள்ளிக்கிழமை மீண்டும் வரச் சொல்லியிருக்கின்றோம். சித்தியார் சுபக்கத்து ஒன்பதாஞ் சூத்திரத்தைப் பழைய அச்சுப் புத்தகத்திலேயே எடுத்து வைத்து, நாடோறும் காலையில் ஓதி வருகின்றோம். கைக்கருவி பெயரனிடத்து உள்ளது.