இல்லை என்று எப்படித் தெரியும்?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களின் ஆய்வேட்டில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "இத்தலைப்பில் இதுவரை எந்த ஆய்வும் செய்யப்படவில்லை." கல்லூரி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வாக்கியத்தோடு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?

இது குறும்புக் கேள்வி அல்ல, நம் தத்துவத்தின் பழைய வழக்கு. மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், அபாவமும் ஒன்று. ஒரு பொருள் இல்லாமையை நாம் எதைக் கொண்டு அறிகிறோம் என்பது அதன் விசாரணை. மீமாம்சை மரபின் குமாரில பட்டர் அதைத் தனி அளவை என்றார். அதே மரபைச் சேர்ந்த பிரபாகரர் மறுத்தார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அபாவம் உட்படப் பலவற்றையும் எண்ணிவிட்டு, எல்லாம் காண்டல் (நேர்க்காட்சி), கருதல் (அனுமானம்), உரை (ஆகமம்) என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்தார்.

இந்த வாதத்தில் எனக்குப் பிடித்தது மீமாம்சகர் வைத்த ஒரு நிபந்தனை. தரையில் குடம் இல்லை என்று எப்போது சொல்லலாம்? இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை இருந்தால் மட்டுமே. இருட்டில் நின்றுகொண்டு குடத்தைக் காணோம் என்றால், அது இருட்டைப் பற்றிய செய்தியே தவிர குடத்தைப் பற்றியது ஆகாது.

நூலகத்தில் இந்த இருட்டு பல இடங்களில் இருக்கிறது. டியூயி பகுப்பில் ஊடகத்துக்கென்று ஒரே அடுக்கு கிடையாது. இதழியல் 070இல் இருக்கும், வெகுசன ஊடகம் 302.23இல், ஒலிபரப்புத் துறை 384இல், விளம்பரம் 659இல், சினிமா 791.43இல். 070 அடுக்கை மட்டும் துழாவிவிட்டு "ஒண்ணுமே இல்ல மேடம்" என்று திரும்புகிறவன் ஐந்து அறையுள்ள வீட்டில் ஓர் அறைதான் பார்த்திருக்கிறான். அடுத்த இருட்டு எழுத்துக்கூட்டல். அமெரிக்க நூலகப் பட்டியல்கள் பலவற்றில் தமிழ்ச் சகரத்தை ஆங்கில 'சி' எழுத்தால் எழுதும் முறை உண்டு. சுதேசமித்திரன் இதழை 'எஸ்' போட்டுத் தேடினால் அங்கே சிக்காமல் போகலாம்.

மூன்றாவதுதான் ஆழமானது. எது நூலகத்தில் வைக்கத் தகுந்தது என்று முன்பே ஒருவர் முடிவு செய்திருக்கிறார். 1954ஆம் ஆண்டுச் சட்டம் வெளியாகும் நூல்களின் படிகள் வந்து சேரும் இடங்களில் ஒன்றாகக் கன்னிமாரா நூலகத்தை ஆக்கியது. 1956 திருத்தத்தில் நாளிதழ்களும் சேர்ந்தன. ஆனால் சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் நாடக நோட்டீசையும் யார் சேர்த்து வைப்பார்கள்? கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தார். அந்தத் தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அவருக்குத் தோன்றியிராவிட்டால் அவற்றில் பலவும் இன்று நமக்கு 'இல்லை' கணக்கில்தான் போயிருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு மாணவி மடக்கினாள்: "அப்போ கடவுளும் இப்படித்தானே மேடம்? காணோம்னா இல்லைன்னு சொல்ல முடியாதே!" நான் பிரதோஷம் தவறாதவள். இருந்தாலும் அந்த வாதத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. காணாமை இல்லை என்று சொல்ல விடாது, சரி. உண்டு என்று சொல்லவும் அது விடாது. காட்சிக்கு எட்டாத பொருள் விஷயத்தில் காணாமை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. சைவ சித்தாந்திகள் இறைவனுக்குக் கருதலையும் உரையையும் துணைக்கு அழைப்பது அதனால்தான். ஆய்வு மாணவருக்கும் அந்த நாணயம் வேண்டும். காலியாக வந்த தேடல் பக்கத்தைத் தனக்குச் சாதகமான சாட்சியாக்கக் கூடாது.

இல்லாமையிலும் வகை உண்டு என்கிறார்கள் நியாய நூலார். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி இன்று இல்லை. இது அழிவுபாட்டபாவம், இருந்து அழிந்ததன் இன்மை. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. படத்தைப் பார்க்க முடியாது என்றாலும், அக்காலப் பத்திரிகைகளின் விளம்பரத்தையும் விமர்சனத்தையும் வைத்து அதைப் பற்றி ஆராயலாம். இன்னும் எழுதப்படாத ஆய்வு முன்னபாவம். அதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. பொருள் தோன்றியதும் அது முடிந்துபோகும்.

ஆய்வு இடைவெளி என்று மாணவர்கள் எழுதுவது இந்த இரண்டாம் வகையைத்தான். அதை மெய்ப்பிக்க ஒரே வழி தேடிய தடத்தைக் காட்டுவது. ஆகவே நான் சொல்லி அனுப்புவது இது: எந்தப் பட்டியல்களில், எந்தச் சொற்களால், எந்த ஆண்டு வரை தேடினாய் என்று முதலில் எழுது. சோத்கங்கா இணையதளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பார்த்தாயா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களைப் பார்த்தாயா என்றும் எழுது. பிறகு, "இவ்விடங்களில் கிடைக்கவில்லை" என்று முடி. "இல்லை" என்பதை விட அது அடக்கமான வாக்கியம். ஆனால் வாய்மொழித் தேர்வில் யார் கேட்டாலும் நின்று பதில் சொல்லக்கூடிய வாக்கியம் அதுதான்.