பெயர் யாருக்காக?

பிறந்த குழந்தைக்கு உடனே பெயர் வைத்தாக வேண்டும் என்று நம் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுகள் வரை சேர்க்க வழி இருக்கிறது. நடைமுறையில் பள்ளிக்கூடம் அதுவரைக்கும் விடாது என்பது வேறு விஷயம். ஆனாலும் ஒருவர் பிறப்பதற்கும் அவருக்கென்று ஒரு பெயர் அமைவதற்கும் நடுவில் அரசாங்கம் இவ்வளவு பெரிய இடைவெளியை அனுமதிப்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

என் மகள் இப்போது அந்த இடைவெளியில் இருக்கிறாள். நான்கு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரிக் கோப்பில் அவள் இன்னும் 'பேபி ஆஃப்' போட்டு அம்மா பெயர்தான். வீட்டில் பாப்பா, குட்டி, தங்கம், பட்டு என்று ஆளுக்கொன்று. நான் வைக்க ஆசைப்பட்ட பெயர் வெள்ளிவீதி.

வெள்ளிவீதியார் சங்ககாலப் பெண்பாற் புலவர்களில் ஒருவர். கையும் பேச்சும் இல்லாத ஒருவன், வெயிலேறும் பாறையில் உருகும் வெண்ணெயைக் கண்ணால் மட்டுமே காவல் காக்கிறான் என்ற குறுந்தொகை உவமை அவருடையது. கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தேர்வுக்கு முந்தைய இரவில் அதைப் படித்தேன். அதன் பிறகு படித்த எந்தக் காதல் கவிதையையும் அதனோடு ஒப்பிடாமல் இருக்க முடிந்ததில்லை.

மதுரைக்காரரான என் மாமியார் பெயரைக் கேட்டதும் சொன்னது: "வெளி வீதியா? வடக்கா தெற்கா மாப்ள?" மனைவி வேறு மாதிரி கேட்டாள். "புருஷனத் தேடி அலைஞ்சவன்னு ஔவையாரே பாடியிருக்காங்கன்னு நீதானே சொன்ன? அந்தப் பேர எம்பொண்ணுக்கு வைக்கணுமா?" இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. நான் படித்து, நான் உருகி, நான் கொண்டாடும் ஒன்றை, இன்னும் எதையுமே படிக்காத ஓர் உயிரின் மேல் ஆயுளுக்கும் எழுதிவைக்க எனக்கு என்ன உரிமை?

இதற்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு. குழந்தையிடம் எதைத்தான் கேட்டுச் செய்கிறோம்? தாய்மொழி, மதம், ஊர், தடுப்பூசி எதற்கும் அதன் சம்மதத்தைக் கேட்டதில்லை. ரித்திஷ், தன்விகா என்று வைப்பவர்களும் கேட்டு வைக்கவில்லை. எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்துகளில் ஒரு 'ஏ'வைக் கூட்டிப் போடுபவர்களும் கேட்கவில்லை. எல்லாப் பெயரும் திணிப்பு என்றால் என் திணிப்புக்கு மட்டும் ஏன் தனி விசாரணை?

இந்தப் பதில் சரியானதுதான், ஆனால் போதாது. எல்லாப் பெயரும் கேட்காமல் வைக்கப்படுகிறது என்பதால் எல்லாப் பெயரும் ஒன்றாகிவிடாது. கேட்காமல் செய்யும் காரியத்தில்தான் அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்று கூடுதலாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் தாத்தாவின் பெயர் பிச்சை. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதையாவது எமன் கண்ணில் படாமல் காப்பாற்ற வேண்டும் என்று, குப்பைமேட்டில் கிடத்தி, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி, பிச்சை என்று பேர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் குப்பன், குப்பம்மாள், தவிட்டான் எல்லாம் இப்படிப் பிறந்த பெயர்கள்தான். அழகான பெயர் வைத்தால் சாவு வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம்.

போதும்பொண்ணு என்றும் ஒரு பெயர் இருக்கிறது. வேண்டாம் என்றுகூட வைத்திருக்கிறார்கள். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று சாமியிடம் போட்ட மனு அது. அந்த மனுவைச் சுமந்துகொண்டு ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறாள், கல்யாணம் செய்துகொள்கிறாள், ரேஷன் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

பிச்சை, போதும்பொண்ணு இரண்டுமே காதுக்கு இனிய பெயர்கள் கிடையாது. ஆனால் பிச்சை என்ற பெயர் அந்தக் குழந்தை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. போதும்பொண்ணு, இன்னும் பிறக்காத வேறொரு குழந்தைக்காக வைக்கப்பட்டது. ஒரு பெயரில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்பதற்கு அதன் அழகு அளவுகோல் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அப்படியென்றால் அழகான பெயருக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். வெள்ளிவீதி என்ற பெயர் யாருக்காக?

சிலப்பதிகாரத்தில் ஒரு பெயர்சூட்டு விழா வருகிறது. அடைக்கலக் காதையில் மாடலன் அதைக் கோவலனுக்கு நினைவுபடுத்துகிறான். மாதவிக்குப் பெண் பிறந்திருக்கிறது. என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்கிறார்கள். முன்பு தன் முன்னோர் ஒருவர் கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தபோது காப்பாற்றிய தெய்வத்தின் பெயரைக் கோவலன் சொல்கிறான். மணிமேகலை. நன்றிக்கடன்தான், நல்ல விஷயம்தான். ஆனால் அது கோவலன் குடும்பத்தின் கடன். அந்தப் பெயரை வைத்த கையோடு அவன் வாழ்ந்துவிடவும் இல்லை. மாதவியைப் பிரிந்து மதுரைக்குப் போய்க் கொலையுண்டு போகிறான். குழந்தையிடம் அப்பாவின் வீட்டிலிருந்து வந்த பெயர் இருக்கிறது, அப்பா இல்லை.

அடுத்த காப்பியத்தில் அந்தப் பெயருக்குச் சொந்தமான தெய்வமே வந்து, தூங்கும் பெண்ணை மணிபல்லவத்துக்குத் தூக்கிச் செல்கிறது. மணிமேகலை அப்பாவின் வணிகத்தையும் எடுக்கவில்லை, அம்மாவின் ஆடலையும் எடுக்கவில்லை. பௌத்தத் துறவியாகிறாள். இன்று மணிமேகலை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அமுதசுரபி. கப்பல் உடைந்த கதை இலக்கியம் படித்தவர்களில் சிலருக்குத்தான் தெரியும். அப்பா வைத்த அர்த்தத்தை அவள் தன் வாழ்க்கையால் அழித்து மேலே வேறொன்றை எழுதிவிட்டாள். பெற்றோருக்கு இது ஆறுதலான விஷயம். நாம் எதை வைத்தாலும் கடைசியில் அதற்குப் பொருள் கொடுப்பது அவர்கள்தான்.

ஆனால் எல்லாரும் மணிமேகலை ஆவதில்லை. பாரியின் மகள்களை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பனும் போய் மலையும் போன பிறகு, போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் நினைத்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பாரி மகளிர்' என்றுதான் இருக்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபில் வருபவை. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் நிறத்தை வைத்துக் கேலி செய்வதற்காகக் கொண்டுவரப்பட்ட இரண்டு பெண்களுக்கு இந்தப் பெயர்களைத்தான் வைத்தார்கள். அவர்களுக்கு அப்பாவாக நடித்தவர் தமிழறிஞர் சாலமன் பாப்பையா. தியேட்டரே சிரித்தது. அந்த வருஷம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் அங்கவை ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தால், அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

கேலிக்குப் பயந்து பெயர் வைக்கக் கூடாது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். கேலி செய்பவனின் குற்றத்துக்குப் பெயர் என்ன செய்யும் என்றார். கொள்கையாகச் சொன்னால் அவர் சொல்வது சரி. இன்ன சாதிக்காரன் இன்ன பெயர்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் முடிவு செய்த காலம் இங்கே இருந்தது. பிடித்த பெயரைப் பிள்ளைக்கு வைப்பதே சிலருக்குப் போராடிக் கிடைத்த உரிமை. அதை நையாண்டிக்குப் பயந்து விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் வெள்ளிவீதி விஷயத்தில் அடி வாங்கப்போவது நான் இல்லை. எல்கேஜியில், வாடகை வீட்டுக்காரரிடம், முதல் வேலையின் முதல் நாளில் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கப்போவது அவள். என் துணிச்சலுக்கு அவள் தவணை கட்ட வேண்டும்.

நெடுஞ்செழியன், அன்பழகன் போன்றவர்களோடு நான் என்னை ஒப்பிட்டுக்கொள்ள முடியாததும் இதனால்தான். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும், அதற்கும் முன்னால் வேதாசலம் மறைமலை ஆனதும் அவர்களே எடுத்த முடிவு. வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். வளர்ந்த மனிதர் தன் பெயரை மாற்றிக்கொள்வது விடுதலை. அதே பெயரை மறுநாள் பிறந்த குழந்தைக்கு வைத்தால் அது சொத்து. சொத்தோடு கடனும் சேர்ந்து வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

என் தொழில் சார்ந்த ஒரு கவலையும் உண்டு. பேட்ரிக் மெக்கென்சி என்பவர் 2010இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மனிதப் பெயர்களைப் பற்றி புரோகிராமர்கள் தவறாக நம்பும் விஷயங்கள் அதில் இருந்தன. எல்லாருக்கும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு உண்டு என்பது ஒரு தப்பான நம்பிக்கை. எல்லாருக்கும் பெயர் உண்டு என்பதேகூட ஒரு தப்பான நம்பிக்கைதான். நான்கு மாதமாகப் பெயரில்லாத ஒருத்தியை மடியில் வைத்திருப்பவனுக்கு அது சட்டென்று புரியும். இனிஷியல் போட்டுப் பழகிய தமிழர்கள் பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என்னை இத்தனை வருஷமாக என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன். 'ழ' உள்ள பெயர் 'இசட்-எச்' ஆகி, பெங்களூர் தாண்டியதும் 'ஸ' ஆகிவிடும். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பான் கார்டில் ஒன்று என்றால் வங்கியில் ஒரு நாள் போய்விடும். இதெல்லாம் சில்லறைத் தொல்லைகள்தான். ஆனால் ஆயுள் முழுக்க மாதம் ஒன்று என்று கணக்குப் போட்டால் சில்லறையும் பெருந்தொகை.

அதற்காக யாருக்கும் சிரமம் தராத, எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் இரண்டெழுத்துப் பெயரைத் தேடும் ஆளும் நான் இல்லை. அதுவும் ஒருவிதத்தில் விமான நிலையத்துக்காகப் பெயர் வைப்பதுதான். குழந்தைக்காக இல்லை.

சங்கப் புலவர்கள் சிலருக்கு இயற்பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவர்கள் எழுதிய ஒரு சொற்றொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். அவர்களுடைய அப்பா அம்மா என்ன பெயர் வைத்தார்கள், அதற்காக எத்தனை நாள் யோசித்தார்கள் என்பதெல்லாம் காற்றில் போய்விட்டது. இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வந்திருப்பது அவர்களே சம்பாதித்த பெயர். இதை மனைவியிடம் சொன்னபோது அவள் பிடித்துக்கொண்டாள். "அப்ப வெள்ளிவீதிய நீ ஏன் இப்பவே செலவு பண்ற? அவ வளர்ந்து, அந்தப் பாட்டப் படிச்சு, பிடிச்சிருந்தா புனைபெயரா வச்சுக்கட்டும். நீ வச்சிட்டா அவளுக்கு அது அட்டெண்டன்ஸ்ல கூப்பிடற பேரு. அவ்ளோதான்."

இதற்கு மேல் நான் வாதாடவில்லை. நாம் மிகவும் நேசிக்கும் ஒன்றைக் குழந்தைக்குக் கொடுப்பது அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அதைக் கொடுக்காமல் வைத்திருப்பதும் அன்பாக இருக்கலாம் என்பது எனக்குப் புதிது.

ஆதிரை என்று வைப்பதாக இருக்கிறோம். மனைவி சொன்ன பெயர். மணிமேகலையின் அமுதசுரபியில் முதலில் பிச்சையிட்டவள் ஆதிரை. "அவளும் புருஷனுக்காகத் தீயில இறங்கினவதான், தெரியுமா?" என்றேன். "அது உனக்குத் தெரியும். எங்கம்மாவுக்கு அது திருவாதிரை நட்சத்திரம். கிளாஸ்ல இருக்கிற புள்ளைங்களுக்கு அது வெறும் பேரு" என்றாள். மாமியார் ஏற்கெனவே மார்கழியில் களி கிண்டத் திட்டம் போட்டுவிட்டார். எண்பது வயது பெரியம்மாவால் கூப்பிட முடிகிறது. 'ழ' இல்லை. காப்பியத்தை விளக்கினால்தான் புரியும் என்ற நிலையும் இல்லை. தேவைப்பட்டால் காப்பியம் அங்கேயே இருக்கிறது.

இதுவும் நாங்கள் அவளைக் கேட்காமல் எடுத்த முடிவுதான். பதினெட்டு வயதில் அவள் வந்து இந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அரசிதழில் மாற்றிக்கொள்ளலாம் என்று அவளிடம் நானே சொல்லுவேன். கட்டணத்தையும் நானே கட்டுவேன். ஏன் என்று மட்டும் கேட்காமல் இருக்க வேண்டும். அதற்கு இப்போதிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன்.