இரண்டாவது மனிதன்

நான் பாங்க் குமாஸ்தா. எங்கள் கிளையின் சுவரில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. பங்குகளில் முதலீடு செய்யச் சொல்கிறவர் செபியில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்; முன்பின் தெரியாதவர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்; ஏமாந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் சரி. அந்தத் தாளுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் டெபாசிட்டை முறிக்கக் கையெழுத்துப் போட்டார்.

11 லட்சம் ரூபாய். "என்ன சார் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன். "பொண்ணு கல்யாணம் தம்பி" என்றார். பணம் போக வேண்டிய கணக்கு வடக்கே ஏதோ ஓர் ஊரில், ஒரு ஜவுளிக்கடையின் பெயரில் இருந்தது. கல்யாணம், ஜவுளி. பொருந்துகிறதே என்று அப்போது எனக்கு உண்டான நிம்மதியை இன்று நினைத்தால் கூசுகிறது. ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் போய்ச் சேர்ந்த பணத்தை, அனுப்பியவர் மனம் மாறினாலும் ரத்து செய்ய முடியாது. இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடன் கேட்டு வந்தார். அவருடைய செல்போன் திரையில் 42 லட்சம் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் 'வரி' கட்ட வேண்டுமாம். பாங்கில் விசாரித்தால் கல்யாணம் என்று சொல்லும்படி சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தானாம்.

விஷயம் பரவியதும் கிளையில் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: பேராசை பெரு நஷ்டம். இந்தப் பழமொழியை நான் சந்தேகிக்கிறேன். ஏமாந்தவனுக்கு ஒரு குணத்தைச் சூட்டி, அது நம்மிடம் இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ள அது உதவுகிறது. அரை சதவிகித வட்டி கூடுதல் என்று சொல்லித்தான் நாங்களும் டெபாசிட் பிடிக்கிறோம். ஆசையே இல்லாதவன் பாங்க் வாசற்படி ஏறமாட்டான்.

மேலும், ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவரல்ல. முதலில் 5,000 போட்டார். அதில் 800ஐ எடுத்துப் பார்த்தார்; வந்தது. 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி, 45 நாளில் 50 சதவிகித லாபம் என்றான். பின்னால் வந்தவர்களின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவர்களுக்குச் சொன்னபடி கொடுத்தான். சோதித்துப் பார்க்கிறவனுக்காகவே வைக்கப்பட்ட தூண்டில் அது. சாட்சியைத் தயாரிப்பவனே கடனும் கேட்கிறான் என்பதைச் சோதிப்பவன் கவனிப்பதில்லை.

மறுமுனையில் அவரிடம் குழைந்து பேசியது யாரோ. 2022இல் மியான்மாரின் மியாவாடியிலிருந்து மீண்டு வந்தவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், எல்லை கடத்தப்பட்டு, காவலுக்குள் வைத்து இத்தகைய மோசடி வேலைக்கு உட்படுத்தப்பட்டவர்கள். அவர்களையும் அந்தப் பழமொழியை வைத்தே முடித்துவிடலாமா?

தற்காப்பு என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. காக்கிறவனும் காக்கப்படுகிறவனும் ஒருவனே என்று அது எடுத்துக்கொள்கிறது. இந்த மோசடியோ முதலில் பிடிப்பது காவல்காரனை. ஆசிரியரிடம் சந்தேகம் இல்லாமலில்லை. அன்று கவுண்டரில் அவர் சந்தேகப்பட்டது என்னை.

எப்படி இது நேர்ந்தது? வாட்ஸ்அப்பில் அவரை ஒரு சிறு குழுவில் சேர்த்திருந்தார்கள். ஊருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும், வெளியே சொன்னால் கெட்டுவிடும் என்பதே அங்கே பேச்சு. இந்த இன்பத்தின் ருசி சிறு பத்திரிகைக்காரர்களான நமக்குத் தெரியாததல்ல. நாம் பணம் இழப்பதில்லை, அதுவும் இல்லாததால்தான். ஒரு குழு தன் வாசலுக்கு வெளியே நிற்பவனுடைய கேள்வியை அசட்டுக் கேள்வி என்று தள்ளத் தொடங்கும்போதே ஏமாற்று பாதி முடிந்துவிடுகிறது. மீதி வெறும் கணக்கு.

ஆகவே தற்காப்புக்கு இரண்டாவது மனிதன் ஒருவன் வேண்டும். அன்று அந்த இடத்தில் நான் இருந்தேன். கேள்வியும் கேட்டேன். ஆனால் அது பாரத்தில் ஒரு கட்டத்தை நிரப்பக் கேட்ட கேள்வி. பதில் கிடைத்ததும் திருப்தியடைந்துவிட்டது. அவர் பணம், அவர் இஷ்டம் என்று நினைத்தேன். பிறர் சுதந்திரத்துக்கு மரியாதை என்று இதற்குப் பெயர் வைக்கலாம். நான்கு மணிக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்ற அவசரமும் இதே பெயரில்தான் நடமாடுகிறது. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. உள்ளிருந்து முடியும்.

இப்போது நான் இரண்டாவது கேள்வியும் கேட்கிறேன். போன வாரம் ஓர் அம்மாளிடம், பணம் வாங்கப்போகிறவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்றேன். "எம் பணத்தை எடுக்க ஒங்கிட்ட எதுக்குப்பா கதை சொல்லணும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். அவர் உண்மையிலேயே வீடு கட்டிக்கொண்டிருந்தார். பணம் மணல் லாரிக்காரருக்கு. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பணத்தை அனுப்பினேன்.

ஆசிரியர் மட்டும் இன்னும் தம் வீட்டில் சொல்லவில்லை. "நீங்களும் சொல்லிடாதீங்க தம்பி" என்றார். சரி என்று தலையாட்டியிருக்கிறேன். அது சரியா என்று தெரியவில்லை.