வயலுக்குத் திரும்பிய பாடகர்கள்

நெகேமியா நூலின் இறுதி அதிகாரத்தில் ஒரு சிறு செய்தி உண்டு. விரைந்து வாசிப்போர் அதனைக் கவனியாது கடந்துவிடுவர். எருசலேமை விட்டுச் சில காலம் அகன்றிருந்த நெகேமியா திரும்பி வருகிறார். ஆலயப் பணி தடைபட்டிருக்கக் காண்கிறார். லேவியருக்கும் பாடகருக்கும் சேர வேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை. ஆதலால் அவர்கள் அவரவர் வயலுக்குத் திரும்பிவிட்டனர். நெகேமியா பாடகரைக் கடிந்து கொள்ளவில்லை. அவர்களது பக்தியை ஐயுறவும் இல்லை. தலைவர்களை அழைத்து, கடவுளின் இல்லம் ஏன் கைவிடப்பட்டது என்று அவர்களையே கேட்கிறார்.

நம் வடசென்னையில் உழுவதற்கு வயல் இல்லை. இங்குள்ள பாடகர்கள் திரும்பிச் செல்வது துறைமுகத்துக்கு, காசிமேட்டு மீன் ஏலத்துக்கு, திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்கூடங்களுக்கு. அப்படித் திரும்பிய ஒருவரை நாம் அறிவோம். இப்பகுதிப் பங்கு ஒன்றில் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். பகலில் ஒப்பந்தத் தொழிலாளர். இரவில் பாட்டெழுதி இசையமைப்பவர். அவருடைய பாடல்கள் பல ஆலயங்களில் ஒலித்தன. எழுதியவர் யார் என்பது பாடியவர்களுக்குத் தெரியாது. ஆண்டுத் திருவிழாவில் மின்விளக்கு அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுத்தோம். அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினோம்.

ஓர் ஆண்டு, கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை வேலைக்குச் செல்லாது இழக்கும் கூலியையேனும் ஈடுசெய்ய முடியுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கடவுளுக்குப் பாடவா கூலி?" என்றது ஒரு குரல். நாமும் அங்கே அமர்ந்திருந்தோம், வாய் திறக்கவில்லை. அவரும் வாதிடவில்லை. அடுத்த மாதமே ஞாயிறுகளில் ஓவர்டைம் பார்க்கத் தொடங்கினார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவில் அவருடைய பாடலை உரத்துப் பாடினோம். அவர் ஆலயத்தில் இல்லை.

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டா? நம் முன்னோரைச் சான்று காட்டுவோர் உண்டு. கீர்த்தனைகள் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) பாட்டுக்கா கூலி கேட்டார்? இல்லை, அவர் முன்சீப் பதவியில் ஊதியம் பெற்றவர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) 1912 முதல் தம் சொந்தச் செலவிலேயே இசை மாநாடுகளைக் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். உண்மைதான், அவரது மருத்துவத் தொழில் அதற்குப் பொருள் ஈட்டித் தந்தது. இப்பெருமக்களின் இசையை வேறொரு வருவாய் தாங்கி நின்றது. அதைக் கண்டு, பாட்டுக்குச் செலவே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். தினக்கூலியில் வாழ்பவரிடம் முன்சீப்பின் தாராளத்தை எதிர்பார்க்கிறோம்.

கூலியின் நியாயத்தை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. படகோட்டிகளின் உழைப்பில் எழுந்த இராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தின் நிழலில் வாழ்பவர்கள் நாம். தொழிலாளியின் நேரிய ஊதியம் குறித்து 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ விடுத்த சுற்றுமடலை மேடைதோறும் போற்றுபவர்கள். ஆயினும் ஆலைவாயிலில் கேட்டால் உரிமை என்று நாம் சொல்வதை, ஆலயவாயிலில் கேட்டால் பேராசை என்கிறோமே!

மறுபக்கமும் உண்டு. ஒலிநாடாக்களின் காலத்திலும் இன்றைய யூடியூப் காலத்திலும், இறைப்புகழ் பாட வந்தவர் தம் புகழையே பாடும் சோதனைக்கு உள்ளாகிறார். தொகை பேசி முடியும்வரை மேடையேற மறுப்போரையும் காண்கிறோம். பணம் நுழைந்தால் செபம் வணிகமாகும் என்ற அச்சம் பொய்யன்று. ஆனால், சிலர் பேராசை கொண்டனர் என்பதற்காக மற்றவர் பட்டினி கிடக்க வேண்டும் என்பது எந்த அறநெறி?

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில், நற்செய்தி அறிவிப்போர் அதனால் பிழைக்க உரிமை உண்டு என்று முதலில் நிலைநாட்டுகிறார். அதன்பின்னரே, அவ்வுரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். இந்த வரிசை முக்கியமானது. அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்கலைஞர் ரிச் மல்லின்ஸ் (1955-1997) தம் பாடல்களின் வருவாயைத் தம் திருச்சபையினரிடம் ஒப்படைத்தார். அந்நாட்டுச் சராசரித் தொழிலாளியின் ஊதியத்தை மட்டும் பெற்றுக்கொண்டார். எஞ்சியது அறப்பணிகளுக்குச் சென்றது. இறுதி ஆண்டுகளில் நவாஹோ பழங்குடிச் சிறார்க்கு இசை கற்பித்து வாழ்ந்தார். நம் திருவொற்றியூர்க் கடலோரத்தில் அடங்கிய பட்டினத்தாரும் பெருவணிகராய் வாழ்ந்து துறந்தவர் என்றே மரபு கூறுகிறது. துறப்பதற்கு இவர்களிடம் ஏதோ இருந்தது, துறந்ததும் தாமாகவே. கொடாமல் நிறுத்திக்கொண்டு, அதற்குத் தியாகம் என்று நாம் பெயர் சூட்டுவது வேறு. தியாகம் செய்யும் உரிமை பாடகருக்கு உண்டு. அதைச் செய் என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உண்மையான சமயச் சடங்கில் ஒரு பாடலைப் பாடுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. அது பொருத்தமே, திருப்பலியில் எழும் பாடலுக்கு விலைச்சீட்டு ஒட்ட முடியாது. ஆனால் சட்டம் விலக்கிய கடனை மனச்சான்றும் விலக்கிவிட்டதா? பாடல் புத்தகத்தில் எழுதியவர் பெயரை அச்சிடலாம். ஒலிப்பதிவு செய்யுமுன் அவரது இசைவைக் கேட்கலாம். இழந்த நாள்களின் கூலியைத் திருவிழாக் கணக்கில் ஒரு வரியாக எழுதலாம். இவை பெருங்கொடைகள் அல்ல, கடன் தீர்ப்பவை.

நெகேமியா கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை. சிதறிப்போனவர்களைக் கூட்டி, அவரவர் இடத்தில் மீண்டும் நிறுத்தினார். பண்டசாலைக்கு நம்பிக்கைக்குரியவர்களைப் பொறுப்பாக்கினார். நம் நண்பர் இன்றும் இப்பகுதியில்தான் இருக்கிறார். ஞாயிறு காலையில், நாம் ஆலயத்துக்குச் செல்லும் அதே சாலையில், சாப்பாட்டுப் பையுடன் எதிரே வருகிறார். நம்மைக் கண்டால் புன்னகை செய்கிறார். அன்று பேசாதிருந்த நாம், அவரை நிறுத்திப் பேச இன்னும் எத்தனை ஞாயிறுகள் காத்திருக்கப் போகிறோம்?