யாருக்காகத் தளர வேண்டும்?

இடுப்பெலும்பின் அடியில், தூளி கட்டியது போல முன்னிருந்து பின்வரை ஒரு தசைப்படலம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அது தாங்குகிறது. அடக்குவதும் விடுவதும் அதன் வேலை. நம் பேச்சில் அதற்குப் பெயர் இல்லை. "அடி இறங்கிடுச்சு" என்று, கெட்டுப்போன பிறகுதான் அதைப் பேசுகிறோம்.

1948இல் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்கு இந்தத் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு இங்கே தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. நின்றபடி வேலை செய்பவருக்கு, இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்றது அதன் 44ஆம் பிரிவு. கெகல் இன்று ரீல்ஸ் வரை வந்துவிட்டார். நாற்காலிதான் இன்னும் வந்தபாடில்லை.

கெகல் பயிற்சி எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. பலருக்குப் பிரச்சினை பலவீனம் இல்லை, இறுக்கம். அடக்கி அடக்கிப் பழகிய தசைக்கு விடத் தெரியாமல் போகலாம். பயம், பழைய காயம், வளர்ந்த விதம் எல்லாம் அதில் சேரும். உறவின்போது வலி, சிலருக்கு உறவே முடியாது. அதற்கு வஜைனிஸ்மஸ் என்று 1860களில் பெயர் வைத்தவர் மரியன் சிம்ஸ். அடிமைப் பெண்களை மயக்கமருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துத் தன் அறுவை முறையைக் கண்டுபிடித்தவர். இதற்கும் அவர் சொன்ன வைத்தியம் கத்திதான்.

இன்றைய பிசியோதெரபி வேறு. வயிறு வரை மூச்சு இழுத்து விடுவது முதல் பாடம். பிறகு, அவள் சம்மதித்தால், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கையுறை அணிந்த விரலால் இறுகிய இடத்தைத் தளர்த்துவார். சுண்டுவிரல் பருமனில் தொடங்கும் டைலேட்டர்களை அவளே தன் கையால் பழக வேண்டும். "போதும்" என்றால் அங்கேயே நிற்கும்.

ஆனால் எதற்காக அவளை அங்கே அனுப்புகிறார்கள்? பெரும்பாலும் குழந்தை இல்லை என்று, அல்லது திருமணம் முறியப்போகிறது என்று. மனைவியைக் கட்டாயப்படுத்தும் கணவனைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு இன்னமும் விதிவிலக்கில் வைத்திருக்கிறது. வாயால் சொன்ன 'வேண்டாம்' செல்லாத வீட்டில், தசை மட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதையும் தளர்த்திக் கொடுப்பது உதவியா, ஆயுதத்தைப் பிடுங்குவதா?

தசையின் மறுப்பே எதிர்ப்புதான், அதைத் தொடாதீர்கள் என்று சொல்லும் தோழிகள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பிடிக்காத கணவனுக்கும், அவளே விரும்பும் ஒருவருக்கும், பரிசோதிக்கும் மருத்துவரின் கருவிக்கும் அந்தத் தசை ஒரே மாதிரிதான் இறுகுகிறது. அது முடிவெடுப்பதில்லை, பயப்படுகிறது. வலியை அவள் தலையில் வைத்துவிட்டு அதற்கு எதிர்ப்பு என்று பெயர் சூட்டுவது நமக்குச் சுலபம். சிகிச்சை வேண்டும்; 'உறவு முடிந்ததா' என்பது அதன் அளவுகோலாக இருக்கக் கூடாது. வலி போன பிறகு அவள் கணவனிடம் 'வேண்டாம்' என்றால், அதுவும் குணமானதுதான்.

திருமணமானவளுக்காவது ஒரு சாக்கு இருக்கிறது. பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் இருப்பவர்களில் பலர் திருமணமாகாத இளம் பெண்கள். ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது. வேலைக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, வலி என்று மருத்துவரிடம் போனாலோ "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆகவில்லை என்றால் அவளுக்கு அந்த இடத்தில் வலி இருக்கவே நியாயமில்லை. நின்றும் அடக்கியும் இறுகிய தசைக்கு அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று தெரியாது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். அறைக்கு ஆறு பேர். தெருவோர ஒற்றை அறைகளோடு ஒப்பிட்டால் நல்ல கட்டடம்தான். ஆனால் டைலேட்டர் பழக, தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவும் தினம் கால் மணி நேரமும் வேண்டும். ஆறு பேர் ஷிப்ட் மாற்றி மாற்றித் தூங்கும் அறையில் அந்தக் கால் மணி எந்த நேரத்தில் கிடைக்கும்?